ஓட்டைத் துட்டு

அக்கா கண்ணாடிச் சட்டத்தின்மேல் சுட்டுவிரலை வைத்துத் தேய்த்தாள். முதலில் ஈரத்தை வழிப்பதுபோல மெதுவாக, பிறகு கொஞ்சம் அழுத்தி. கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை. அதற்கு அடியில், பச்சை வெல்வெட் துணியில், ஒரு சிவப்பு ரிப்பன் பூவுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுச் செப்புத் துட்டு புதுப்பெண் மாதிரிப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதில் ஓர் ஓட்டை இருக்கவேண்டும். அதைத்தான் அவள் தேடினாள்.

“எங்கடா?” என்றாள்.

எனக்கு விக்கல் வந்தது.

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கு விக்கும். பல் வைத்தியரின் கதிரையில் நான் விக்கிய கதையைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் படித்துவிட்டு, மாத்தளையிலிருந்து ஒரு வாசகி இஞ்சிச் சாறும் தேனும் கலந்து குடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். குடித்துப் பார்த்தேன் அம்மா. மறுநாள் பயந்தபோது இஞ்சி வாசத்தோடு விக்கியது.

விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். அன்று அந்த மண்டபத்தில் என்னை நினைத்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். அவள் எதிரிலேயே நின்றாள், கையில் ஒரு வடைப் பொட்டலத்தோடு.

செல்லாத காசு

கண்டி நகரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஊரார் பார்வையைத் திருத்துவது என் தொழில். பழைய நாணயம் சேர்ப்பது என் நோய். எப்படித் தொற்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குடிக்கிறவனுக்காவது ஒரு காரணம் இருக்கும்.

என் மனைவி இதைப் பற்றி அவள் சொந்தக்காரரிடம் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. “காசு சேக்குற ஆளுன்னு சொல்லித்தான் எங்கப்பா கட்டிக்குடுத்தாரு. செல்லாத காசுன்னு யாரும் சொல்லல.”

எங்கள் ஊரில் நாணயம் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. டாக்டர்கள், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள். எல்லோரும் நல்லவர்கள். புதிதாகச் சேர்ந்தபோது எங்கே இருக்கிறீர்கள் என்று அன்பாகக் கேட்டார்கள். “மஹய்யாவ” என்றேன். நகரசபைத் துப்புரவு ஆட்களின் குடியிருப்பு இருக்கிற இடம். அடுத்த கேள்வியை அவர்கள் மறந்துவிட்டார்கள். பிறகு யாரோ பிளேன்டீயை என் பக்கம் நகர்த்தினார்கள். நானும் குடித்தேன். சீனி குறைவாக இருந்தது.

சங்கம் வருடத்துக்கு ஒருமுறை ஏரிக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு கண்ணாடிச் சட்டம். போன வருடம்வரை நான் சட்டங்களைத் துடைக்கிற பிரிவில் முக்கிய உறுப்பினர். கடையில் லென்ஸ் துடைத்துப் பழகிய கை. செயலாளர் எல்லோர் முன்னாலும், தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் ‘மல்லி’ போட்டுப் பாராட்டினார். “நம்ம மல்லி துடைச்சா கண்ணாடி இருக்கிறதே தெரியாது.”

இந்த வருடம் எனக்கும் ஒரு சட்டம் வேண்டுமென்று கேட்டேன். எதை வைக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன்.

ஆணியால் போட்ட கையெழுத்து

அது ஒரு தோட்டத் துட்டு. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் சில தோட்டங்கள் தங்களுக்கென்று துட்டு அடித்துக்கொண்டன. ஒரு நாள் வேலைக்கு எங்கள் ஆட்கள் ‘ஒரு பேர்’ என்று சொல்வார்கள். பேருக்கு இத்தனை துட்டு என்று கணக்கு. ஒரு பக்கம் ஆங்கிலத்தில் தோட்டத்தின் பெயர், மறு பக்கம் ஒரு கோப்பிச் செடி. தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். அங்கே இப்போதும் ஒரு துரை இருக்கிறார்.

அந்தத் துட்டுக்கு வெளியில் மதிப்பில்லை. தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும். அங்கே அரிசி என்ன விலை என்று கடைக்காரன் சொல்கிறானோ அதுதான் விலை. மாதம் முழுக்க மலை ஏறி இறங்கி வாங்கிய துட்டெல்லாம் மாதக் கடைசியில் திரும்பவும் கடைக்கே போகும். துட்டு ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற நாய் மாதிரி.

ஒன்று மட்டும் திரும்பவில்லை.

எங்கள் வழியில் யாரோ ஒருத்தி அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள் என்று அம்மா சொல்வாள். வைத்துக்கொண்டால் போதுமா? அடுத்த மாதம் பசிக்கும்போது கை தானாகக் கடைக்குப் போய்விடும். அதனால் அவள் ஓர் ஆணியை எடுத்து, கல்லால் அடித்து, துட்டின் நெற்றியில் ஓட்டை போட்டுவிட்டாள். ஓட்டை விழுந்த துட்டைக் கடைக்காரன் வாங்கமாட்டான். பிறகு அதில் கறுப்புக் கயிறு கோத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முப்பத்தோராம் நாள் அரைஞாணில் அந்தத் துட்டுத்தான். அக்கா கட்டினாள், பிறகு நான் கட்டினேன், பிறகு அக்காவின் மகள் குமுதா கட்டினாள். எத்தனையோ கயிறுகள் உரசி உரசி, ஆணி போட்ட வட்ட ஓட்டை ஒரு பக்கமாக இழுபட்டு நெல்மணி வடிவத்துக்கு வந்திருந்தது. ஓட்டையின் விளிம்பு உதடுபோல வழவழப்பாக இருக்கும். சின்ன வயதில் இருட்டில் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் செடி, எந்தப் பக்கம் எழுத்து என்று சொல்லுவேன்.

ஓட்டை போட்டவளின் பெயர் எங்களுக்குத் தெரியாது. துரைமாரின் பெயர்கள் கோயில் சுவரில் பளிங்குக் கல்லில் வெட்டியிருக்கின்றன. எங்கள் ஆள் போட்ட கையெழுத்து அந்த ஓட்டைதான்.

அப்படியே வரணும்

அம்மா போன பிறகு துட்டு அம்பிட்டியவில் அக்கா வீட்டு அலுமாரியில் இருந்தது, ஒரு சேலைத் துண்டில் சுற்றி. அதைக் கேட்டு வாங்கப் போன நாளில் நல்ல மழை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குமுதா வயிற்றைப் பிடித்தபடி கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

“கண்காட்சின்னா என்னா செய்வாங்க?” என்றாள் அக்கா.

“கண்ணாடிக்குள்ள வப்பாங்க. எல்லாரும் வந்து பாப்பாங்க.”

“பாத்து?”

“பாத்துட்டுப் போவாங்க.”

“அதுக்கு எதுக்கு இத்தன பாடு? நீ வாசல்ல நின்னாவே ஊரே பாத்துட்டுத்தான போவுது.”

குமுதா சிரித்தாள். நான் நாணயவியல், வரலாறு, உழைக்கும் மக்கள் என்று ஆரம்பித்தேன். அக்கா கேட்டாள், துணியை மடித்தபடியே. கடைசியில் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள்.

“குமுதாவுக்கு அடுத்த மாசம். முப்பத்தொண்ணுக்கு இது வேணும். எப்புடிக் குடுக்குறேனோ அப்புடியே வரணும்.”

“அப்புடியே வரும்க்கா. நான் என்னா ஆசாரியா, உருக்கி மோதிரம் அடிக்க?”

எழுதும்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. விதிக்குக் காது கூர்மை. நாம் பகிடி என்று நினைத்துச் சொல்வதை அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

ஓட்டைக்காக ஒரு போராட்டம்

செயலாளர் துட்டைக் கையில் வாங்கியதும் முகத்தைச் சுளித்தார். கெட்ட மனிதர் இல்லை. நாணயக்காரர்களின் உலகத்தில் ஓட்டை விழுந்த காசு மூக்கறுந்த சிலை மாதிரி. அவர்களுக்குக் காசு அடித்த நாளில் இருந்ததுபோல இருக்கவேண்டும். யார் கையும் படாமல், எந்தக் கடையும் பார்க்காமல், யார் பசியையும் தீர்க்காமல்.

“ஓட்டைக் காசு எதுக்கு மல்லி? கொழும்பு டாக்டர் இதே மாதிரி நல்லது வச்சிருக்கார். கேட்டா ஒண்ணு தருவார், அதை வைங்களேன்” என்றார் சிங்களத்தில்.

நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் அந்த ஓட்டைக்காக வாதாடினேன். ஓட்டை பழுது அல்ல, அதுதான் காட்சிப்பொருள், துட்டு அதைச் சுற்றியிருக்கும் சட்டம் மட்டும்தான் என்றேன். ஒரு டாக்டர் கொட்டாவி விட்டார். கடைசியில், என் பேச்சைக் கேட்பதைவிட ஓட்டையைப் பார்ப்பது மேல் என்று முடிவு செய்தார்களோ என்னவோ, சம்மதித்தார்கள்.

விவரம் எழுதும் அட்டைக்கும் விதி இருந்தது. மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம், கீழே இடம் மிஞ்சினால் தமிழ். இடம் கொஞ்சம் மிஞ்சியது. என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அட்டைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் தமிழை வாசிக்கலாம். ஆனாலும் எழுதினேன்: ‘துளை: குழந்தைகளின் அரைஞாணில் கட்டுவதற்காக இடப்பட்டது. இவ்வழக்கம் குடும்பத்தில் இன்றும் உள்ளது.’

விட்டம் எழுதவேண்டும், அளந்தேன். உலோகம் எழுதவேண்டும், செம்பு என்று எழுதினேன். எடை எழுதவேண்டும். அங்கேதான் சனி பிடித்தது.

சோமு ஆசாரியின் பங்கு

வீட்டுத் தராசில் துட்டை வைத்தால் முள் அசையவே இல்லை. “அதுக்கே தெரியுது அது காசு இல்லன்னு” என்றாள் மனைவி. நகைக்கடைத் தராசு வேண்டும். எங்கள் ஊர்க் கொழும்பு வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் சோமு ஆசாரிக்குப் பட்டறை இருக்கிறது. என்னோடு படித்தவன். பள்ளிக்கூடத்தில் என் காற்சட்டைப் பொத்தான் அறுந்தால் கம்பியால் கட்டித் தருவான். அப்போதே கை சும்மா இருக்காது.

கண்காட்சிக்கு முதல் நாள் காலை, கடைக்குப் போகிற வழியில் ஏறினேன். தராசு மின்சாரத்தில் வேலை செய்வது. மின்சாரம் இல்லை.

“வச்சிட்டுப் போ மச்சான். கரண்டு வந்ததும் போட்டு வைக்கிறேன். அந்திக்கு வா” என்றான். “எங்க போவப்போவுது இது?”

“நாளைக்குக் கண்காட்சிக்குப் போவுது” என்றேன் பெருமையாக.

அந்தப் பெருமைதான் என்னைக் கொன்றது. எடை போட மட்டும் என்று சொல்லியிருந்தால் எடை போட்டிருப்பான். கண்காட்சி என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குப் போகிற பெண்ணைத் தலைவாராமல் அனுப்புவானா ஆசாரி?

மாலையில் போனேன். ரோசா நிறத் தாளில் மடித்து வைத்திருந்தான், தங்கச் சாமான் மாதிரி. நீட்டும்போது அவன் முகத்தில் ஒரு வெட்கம். பிரித்தேன்.

துட்டு சிரித்தது. பல் வரிசை முழுசாக.

“நகத்த வச்சுத் தடவிப் பாரு” என்றான். “எங்க ஒட்டியிருக்குன்னு சொல்லு பாப்போம். பழைய செம்புத் தண்டு ஒண்ணு தேடி எடுத்து அதே நிறத்துல அடைச்சேன். பொறகு மெருகு. அந்தச் செடியில எல எலயாத் தெரியுது பாரு, மூஞ்சி கழுவுன மாதிரி.”

எனக்கு விக்க ஆரம்பித்தது.

“எடை?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. வீடு எரியும்போது செருப்பைத் தேடுகிற ஆள் நான்.

“எடைக்கு என்னா, இந்தா இப்பவே போடுவோம். முந்தியவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அடைச்சிருக்கோம்ல.”

“ஏன்டா அடைச்ச?”

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “ஓட்டையா இருந்துச்சே” என்றான்.

அதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பது? உடைந்ததை ஒட்டாமல், மங்கியதை மெருகு போடாமல் ஒரு சாமானைத் திருப்பிக் கொடுப்பது அந்தப் பட்டறையில் தொழிலுக்கே இழுக்கு. அவன் அப்பாவும் அப்படித்தான், அவரிடம் தொழில் பழகியவர்களும் அப்படித்தான். கூலியை எடுத்து நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேணாம் மச்சான். நம்ம ஆளுங்க சாமான் அந்தப் பெரிய மனுசங்களுக்கு முன்னால போவுது. ஓட்ட ஒடசலோட போனா என்னா நெனைப்பாங்க? இது என் பங்கா இருக்கட்டும்.”

நான் விக்கி விக்கி உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். பிறகு முகம் மலர்ந்தது.

“இதுக்கா இப்புடி விக்குற? திரும்பப் போட்டுட்டாப் போவுது. இந்தா மெஷினு. எத்தன மில்லி வேணும்?”

துட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒழுங்கையில் ஓடினேன். பின்னாலேயே ஓடி வந்து அந்த ரோசாத் தாளையும் கையில் திணித்துவிட்டுப் போனான்.

குடை இருக்கு

துட்டை வைக்காமல் விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டிருக்கலாம். ஒரு ஓட்டைக்காக வாரக்கணக்கில் சங்கத்தின் காதைத் தின்ற மனிதன், கண்காட்சி அன்று வெறும் பச்சைத் துணியை வைத்துக்கொண்டு நிற்பதை யோசித்துப் பார்த்தேன். அப்போதுகூட அது பெரிய துளையாகத்தான் தெரியும் என்று மனைவி சொன்னாள். அவளுக்கு என் நகைச்சுவை ஒட்டிக்கொண்டுவிட்டது. கெட்ட நேரங்களில் மட்டும் வெளியே எடுப்பாள்.

அக்காவைத் தடுக்க வேண்டும். முன்பு நான்தான் வருந்தி வருந்தி அழைத்திருந்தேன். கண்காட்சி அன்று காலையில் போன் எடுத்தேன்.

“அக்கா, இன்னைக்கு மழை வருமாம். நீ அலைய வேணாம்.”

“குடை இருக்கு.”

“குமுதாவத் தனியா விட்டுட்டு எப்புடி வருவ?”

“அவ மாமியா வந்திருக்கு.”

“பஸ் வேற சரியில்ல.”

“ஏன்டா,” என்றாள் அக்கா, “என்னைய அந்தப் பெரிய மனுசங்க முன்னால காட்ட வெக்கமா இருக்கா?”

“ஐயோ, வாக்கா” என்றேன்.

மும்மொழிக் கொள்கை

மண்டபத்துக்குப் போய்த் துட்டைச் சட்டத்தில் வைத்த பிறகுதான் அட்டை ஞாபகம் வந்தது. சட்டத்துக்குக் கீழே, எடைக்கு மட்டும் இடம் விட்டு முன்பே ஒட்டியிருந்த அட்டை, இல்லாத ஓட்டையைப் பற்றி மூன்று மொழியில் பெருமையடித்துக்கொண்டிருந்தது. கடை லேபலைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, சிங்களத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி மறைத்தேன். இந்த நாட்டில் மூன்று மொழிக்கும் ஒரே மாதிரி நீதி கிடைத்த இடம் அந்த அட்டைதான்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாற்சோறு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வெளிநாட்டுக் காசு குவித்திருந்த பெட்டிகளில் கையை விட்டுக் கிளறினார்கள். கூரைக்கு மேல் குரங்குகள் ஓடின. நான் என் மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பிணத்துக்குக் காவல் இருப்பவன்போல நின்றேன்.

அலவத்துகொடவிலிருந்து ஹனீபா நானா, அதாவது ஹனீபா அண்ணன், வந்தார். நாணயம் வாங்கி விற்பவர். எங்கள் பக்கத்தில் அவர் கண்ணுக்குத் தப்பிய துட்டு கிடையாது. சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“தம்பி, இதில ஒரு ஓட்ட ஈந்திச்சே” என்றார் குனிந்தபடியே. “நீங்க போன மாசம் போட்டோ அனுப்பின நேரம் ஈந்திச்சி.”

“ஈந்திச்சி நானா.” எனக்கும் அவர் பேச்சு வந்துவிட்டது, ‘இருந்திச்சு’ ‘ஈந்திச்சி’ ஆகிவிட்டது.

“ஆர் அடச்ச?”

“சிநேகிதன்.”

“பகையாளி செஞ்சீந்தா கேஸ் போடலாம். சிநேகிதன் செஞ்சா என்ன செய்ற” என்று நிமிர்ந்தார். கோபமே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. “இந்தத் தோட்டத்துட துட்டு எனக்கிட்டயும் ஈக்கிது. எல்லாம் முழுத் துட்டு. கட்டின துட்டு ஒண்டு நான் கண்டதில்ல. இண்டைக்கி அத ஒருக்காக் கையில வெச்சிப் பாக்கத்தான் வந்த.”

பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது என் தோளில் தட்டினார். செத்த வீட்டில் தட்டுவது மாதிரி.

பிறகு பிரதம விருந்தினர் வந்தார். அவருக்கு வேறு ஒரு கூட்டத்துக்கும் போகவேண்டியிருந்தது. மேசை மேசையாக வேகமாக நடந்தார். பழைய காசுகள் எல்லாம் பழைய காசுகள் மாதிரி இருந்தன. என் சட்டத்துக்கு முன்னால் மட்டும் நின்றார். வெளிச்சம் பட்டு அவர் முகத்திலேயே செம்பு நிறம் அடித்தது.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. சிறப்பாகப் பேணப்பட்ட காட்சிப்பொருளுக்கான பரிசு. சிங்களத்தில் அறிவித்தார்கள், ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். தமிழில் நானே மனதுக்குள் அறிவித்துக்கொண்டேன். கைதட்டினார்கள். செயலாளர் என் காதருகே குனிந்தார். “பார்த்தீங்களா மல்லி, நல்ல துண்டாத் தேடிப் போட்டிருக்கீங்க. நான் அப்பவே சொன்னேன்.” கொழும்பு டாக்டரிடம் வாங்கியதென்றே அவர் நினைத்துவிட்டார். சட்டத்துக்குள் சிவப்பு ரிப்பன் பூவைக் குத்தினார்கள்.

நான் மேடையில் விக்கியதை எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு அக்கா நின்றாள்.

எங்கடா?

கல்யாணங்களுக்குக் கட்டுகிற நீலச் சேலை கட்டியிருந்தாள். செருப்பைக் கழற்றவேண்டுமா என்று வாசலில் யாரையோ கேட்டாள். வேண்டாம் என்றதும் நேரே என்னிடம் வந்தாள். வழியில் எந்தச் சட்டத்தையும் பார்க்கவில்லை.

“எங்கடா?” என்றாள்.

“என்னாக்கா?”

“ஓட்ட.”

“அது… அடஞ்சிருச்சு.”

“காதுகுத்துன ஓட்டையா, தானாத் தூந்துபோக?”

சோமுவைப் பற்றிச் சொன்னேன். தராசு, மின்சாரம், ரோசாத் தாள் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு பகிடியும் விட்டேன். ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

“அவன விடு. அவன் தொழில அவன் பாத்தான்” என்றாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். கடைசி மூலையில் தமிழ் இருப்பதைக் கண்டு குனிந்தாள். லேபல் கீற்றின் ஒரு நுனி எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். அது உரிந்து வந்தது. எழுத்து எழுத்தாக, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாக வாசித்தாள்.

“இவ்… வழக்கம்… குடும்பத்தில்… இன்றும்… உள்ளது.”

உரித்த கீற்றைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். என் விக்கல் நின்றுவிட்டது.

“இது என்னா பூ?”

“பரிசுக்கா.”

“எதுக்குக் குடுத்தாங்க?”

பொய் சொல்ல யோசித்தேன். உண்மைதான் வந்தது. “நல்லாப் பாதுகாத்து வச்சதுக்கு” என்றேன்.

அப்போது சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். அவள் நிறுத்திவிட்டாள்.

“திரும்ப ஓட்ட போட்டுத் தந்துர்றேன்க்கா. சோமுகிட்ட மெஷின் இருக்கு.”

“மெஷின்ல போடுறதுக்கு இது எதுக்கு? புதுக் காசுலயே போடலாமே.”

“அப்ப இத என்னா செய்யட்டும்?”

“கொண்டுபோயிக் கடையில குடு. இப்ப வாங்கிக்குவான்.”

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. ஆணியும் கல்லும் எடுத்தவளுக்கு எந்தக் கடை என்று தெரியும்.

வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். “ஆறிப்போறதுக்குள்ள தின்னு” என்றாள். குடையை விரித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போகலாமா என்று நினைத்தேன். கையில் வெள்ளைக் கையுறை இருந்தது. அதைக் கழற்றுவதற்குள் அவள் வளைவைத் தாண்டிவிட்டாள்.

முப்பத்தொன்று

குமுதாவுக்குப் பெண் பிறந்தது. முப்பத்தோராம் நாள் அம்பிட்டியவுக்குப் போனேன். சட்டைப் பையில் ரோசாத் தாளில் துட்டு இருந்தது. மாற்றி மாற்றி யோசித்து ஓட்டை போடாமலே கொண்டுபோயிருந்தேன். அக்கா கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். கேட்காவிட்டால்? அதற்கு நான் ஒன்றும் தயாரித்துவைக்கவில்லை.

வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. எனக்கு நல்ல கதிரை போட்டார்கள், குமுதாவின் தாய்மாமன் அல்லவா. அக்கா என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டாள், பஸ் கிடைத்ததா என்று கேட்டாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருப்பதுதான் எங்கள் வீட்டில் கோபம்.

பிள்ளையைக் குளிப்பாட்டி மடியில் போட்டாள். அதற்கு விக்கல் எடுத்தது. உடம்பு முழுக்கக் குலுங்கும் சின்ன விக்கல்.

“யாரோ நெனைக்கிறாங்க” என்றார் குமுதாவின் மாமியார்.

அக்கா கறுப்புக் கயிற்றின் நுனியில் ஒரு துணுக்கைப் பல்லால் கடித்து, எச்சில் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டினாள். பிறகு கயிற்றை இடுப்பில் சுற்றினாள். துட்டுத் தொங்கவேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. பெரிதாக, அழுத்தமாக, இரண்டு மூன்று தடவை சுற்றிப் போட்ட முடிச்சு.

மாமியார் எட்டிப் பார்த்தார். “எங்க சம்பந்தி அந்தத் துட்டு? ஒங்க வீட்டு வழக்கம்னு குமுதா வாய் ஓயாமச் சொல்லுமே.”

என் கை சட்டைப் பைக்குப் போனது.

“இருக்குங்க சம்பந்தி” என்றாள் அக்கா, முடிச்சை இறுக்கியபடி. “கண்காட்சிக்குப் போயிருக்கு. அங்க பரிசெல்லாம் வாங்கிருச்சு. இனி எங்க நம்ம வீட்டுக்கெல்லாம் வரப்போவுது.”

எல்லோரும் சிரித்தார்கள். குமுதா சிரித்தாள், மாமியார் சிரித்தார், சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் நான் சொல்லாத பகிடிக்கு இத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நானும் சிரித்தேன். பைக்குள் தாள் சரசரத்தது. கையை அங்கேயே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன், சத்தம் வெளியே கேட்காதபடி.